உட்காரக் கூடாத நாற்காலி

உயிர் இருக்கிறவரை அந்த நாற்காலியை வீட்டை விட்டு வெளியே போக விடமாட்டேன் என்று ஒரு புதன்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தால் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அது ஒரு சாய்வு நாற்காலி. கல்யாணத்துக்கு முன்னால் நானாகப் பார்த்து, நானாகப் பிடித்துப்போய், நானாக வாங்கிய பொருள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்ததெல்லாம் அவள் பார்த்தது, அவளுக்குப் பிடித்தது, நான் தூக்கி வந்தது. நாற்காலிக்கு வலது கை ஆடும். பின்கால் ஒன்று குட்டை. அதற்கு ஒரு சதுர மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். உட்காரும் துணி நடுவில் தொங்கி, என் உடம்பு அளவுக்குச் சரியாகக் குழிந்து போயிருக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் அளவு சேராது. உட்காரும்போது ஒரு சத்தம் போடும் பாருங்கள், கிர்ர்ரீச் என்று. அதற்குத் தெருமுனை நாய் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது.

இப்படிப்பட்ட நாற்காலிக்கு ஒருவன் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் வேலை அப்படி. ஊரில் எல்லோரும் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள், நான் நின்று சம்பாதிக்கிறேன். ஓவியமும் சிற்பமும் வைத்திருக்கிற ஒரு கலைக்கூடத்தில் காவலர். காவலர் என்றதும் துப்பாக்கி, மீசை என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். என்னிடம் இருக்கிற ஆயுதம் ஒரே ஒரு சொல்தான். "தொடாதீங்க." காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரோரமாக நின்று அதைச் சொல்ல வேண்டும். கூடத்தில் காவலருக்கு நாற்காலி கிடையாது. போட்டால் அதையும் ஜனங்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்று கூடத்தை நடத்துகிற மேடம் சொல்லிவிட்டார்.

ஆக, நான் உட்காருவதற்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே இடம். எங்கள் முன்னறை ஜன்னலோரம்.

வினை என்னவென்றால், வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வருகிற இடமும் அது ஒன்றுதான். என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். புதுசாகத் தைப்பது குறைவு. இறுக்கமானதைத் தளர்த்துவது, நீளமானதைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பட்டன் வைப்பது, இதுதான் அதிகம். அவளுடைய மெஷின் உள்நடையில் இருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இடம். ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடிப்பாள். மூன்று தடவை தவறினால் நாலாவது தடவை என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். நூல் கோக்காததற்கு நான் என்ன பண்ண முடியும்?

அந்தப் புதன்கிழமை அவள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வருகிறார், நாற்காலி போகிறது, மெஷின் ஜன்னலுக்கு வருகிறது.

"ஏம்மா, நாள் முழுக்க நின்னுட்டு வர்றேன். உட்கார ஒரு இடம் வேண்டாமா?" என்றேன்.

"நாள் முழுக்க நீங்க நிக்கிறீங்க. நாள் முழுக்க உங்க நாற்காலி வெளிச்சத்துல சும்மா உட்கார்ந்திருக்குது. நான் இருட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நீங்களே சொல்லுங்க, யார் எங்க இருக்கணும்?"

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். நியாயமாகப் பேசுவாள். நியாயமாகப் பேசுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் சபதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் கலைக்கூடத்தில் நிற்கும்போது எனக்கு வழி கிடைத்தது.

புதுசாக ஒரு காட்சி வைத்திருந்தார்கள். வெள்ளை மேடை, அதன்மேல் ஒரு ஜோடி பழைய செருப்பு, பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. அட்டையில் 'வருவார்' என்று ஒரே வார்த்தை. பெட்டியில் வந்தபோது யாரோ வேலையாள் மறந்துவிட்டுப் போன செருப்பு என்று நினைத்துப் பின்வாசலில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தவன் நான். ஆனால் ஜனங்கள் அதன் முன்னால் வந்து நின்றார்கள். பேச்சை நிறுத்தினார்கள். நல்ல வாட்டசாட்டமான ஒரு மனிதர், கழுத்தில் டை எல்லாம் கட்டியவர், அந்தச் செருப்பைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். முகம் கழுவத்தான். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்த இடத்தில் நிற்கிறேன். எத்தனையோ பேர் உருகியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருநாள் கூடத் தொண்டை அடைத்ததில்லை. கால்தான் வலித்திருக்கிறது.

அன்றைக்குக் கூடத்து மேடம் அந்தப் பக்கம் வந்தபோது மெதுவாகக் கேட்டேன். "மேடம், செருப்பு எப்படிக் கலை ஆகும்?"

அவர் நல்ல மனுஷி. சிரிக்காமல் பதில் சொன்னார். "காலில போட்டா செருப்பு. எடுத்து மேடையில வச்சு, பாருங்கன்னு சொன்னா, நாம நின்னு பார்க்கிறோம். பார்க்கும்போது உள்ள ஏதோ ஒண்ணு அசையுது இல்லையா? ஒருத்தர் மனசையாவது அசைச்சுட்டா அது கலைதான்."

அதற்கு மேலும் அவர் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. என் கண் முன்னால் என் நாற்காலி மேடையேறிக்கொண்டிருந்தது.

சனியும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. சனிக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். நாலு செங்கல். அதன்மேல் அவள் துணி வெட்டுகிற பலகை. பலகைமேல் வெள்ளைப் போர்வை. போர்வைமேல், மரக்கட்டை முட்டோடு, என் நாற்காலி. மேசை விளக்கை அதன் முகத்தில் அடிக்கிற மாதிரி திருப்பி வைத்தேன். கூடத்துக் கிடங்கில் வேண்டாம் என்று போட்டிருந்த சிவப்புக் கயிற்றை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை இரண்டு முக்காலிகளுக்கு நடுவே கட்டினேன். அட்டையில் என்ன எழுதுவது என்றுதான் குழப்பம். செருப்புக்கு 'வருவார்' என்றால் நாற்காலிக்கு என்ன? யோசித்து, 'வந்துவிட்டார்' என்று எழுதி வைத்தேன்.

அவள் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும், அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கத்தவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்னங்க இது?"

"கலை."

"எது? என் பலகைமேல என் போர்வையைப் போட்டு நிக்குதே, அதுவா?"

மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்துக்கொண்டேன். மனிதன் உழைக்கிறான், களைக்கிறான், வருகிறான், அவனுக்காக ஒரு இடம் காத்திருக்கிறது என்றெல்லாம் பேசினேன். கலைப்பொருளைப் பழைய சாமான்காரரிடம் போடுகிறவர்களை உலகம் என்ன சொல்லும் என்றும் கேட்டேன்.

அவள் மறுத்துப் பேசவே இல்லை. கேள்விதான் கேட்டாள்.

"கயிறு எதுக்கு?"

"தள்ளி நின்னு பார்க்கணும். யாரும் தொடக் கூடாது."

"யாருமேவா?"

"யாருமே. எங்க மேடமே கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடுவாங்க."

"ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எதுக்கு?"

"வெயில் கலைக்கு விஷம்மா. சாயம் போயிடும். எங்க கூடத்துல ஜன்னலே வைக்கல."

"பக்கத்துல டீ கீ குடிக்கலாமா?"

"நல்லா கேட்டியே. தண்ணி பாட்டிலையே வாசல்ல வாங்கி வச்சுடுவோம்."

"காட்சி முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"அது யார்கிட்டப் போய்ச் சேரணுமோ அங்க பத்திரமா அனுப்பிடுவோம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு விசாரித்ததே இல்லை. சாயங்காலம் வந்தால், "நின்னாச்சா?" என்பாள், அவ்வளவுதான். கேட்கிறாளே என்று நானும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். கூடத்து ஈரப்பதம், எலித்தொல்லை வரைக்கும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "சரிங்க. ஒருத்தர் மனசை அசைச்சா கலை. அப்படித்தானே? நாளைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அசைஞ்சா நாற்காலி இருக்கட்டும். அசையலைன்னா பழைய சாமான்காரர்."

"யாரைக் கூப்பிடுவே?"

"கண்டக்டர் மாமாவை."

எங்கள் மாடிவீட்டில் தனியாக இருக்கிறவர் அவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்கவில்லை என்று சொந்த மச்சானையே நடுவழியில் இறக்கிவிட்டவர் என்று பேச்சு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முகத்திலேயே 'இடம் இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கும். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, இந்த மனுஷனின் மனசை என் நாற்காலி அசைக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இறங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். நான் விளக்கைப் போட்டேன். என் மனைவி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். அட்டையைப் படித்தார். என்ன தம்பி இது என்று கேட்பார், நாம் விளக்கலாம் என்று வாயைத் திறந்து தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, நாற்காலியின் வலது கையைத் தொட்டார். அது ஆடியது.

"தொடாதீங்க மாமா," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கதோஷம்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியிடமே பேசுகிற மாதிரிப் பேசினார்.

"அவளும் ஒண்ணு வச்சிருந்தா தம்பி. இதே மாதிரி. தூக்கிப் போடுடின்னு நான் தினம் சண்டை போடுவேன். அவ போனப்புறம் வீட்டைச் சுத்தம் பண்றோம்னு பிள்ளைங்க எடுத்துப் போட்டுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். அப்ப ஒண்ணும் தோணல. மறுநாள் பார்த்தா தரையில நாலு கால் தடம். அது இருந்த இடம். அதைத் துடைக்க எனக்குக் கை வரல."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். டிக்கெட் டிக்கெட் என்று எத்தனையோ பேரை அதட்டிய தொண்டைக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "ரைட்," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியேறினார்.

எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பழைய சாமான்காரர் வாசலில் மணியடித்தார். துக்கத்தை ஒத்திவைத்துவிட்டு நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஒத்துக்கிறேங்க," என்றாள். "இது கலைதான்." வாசலுக்குப் போய், கலைப்பொருளையெல்லாம் நாங்கள் போடுவதில்லை என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் பழைய வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் நான் ஜெயித்ததாக இதற்கு முன்னால் பேச்சே கிடையாது. வெற்றியைக் கொண்டாட உட்காருவதைவிடச் சிறந்த வழி என்ன இருக்கிறது? கயிற்றைத் தூக்கினேன். ஒரு காலை மேடைமேல் வைத்தேன்.

"தொடாதீங்க."

என்னுடைய சொல். என்னுடைய தொனி. சுவரோரமாக நிற்கிற அந்த நிலை கூட என்னுடையது.

"ஏம்மா, இது என் நாற்காலி."

"நாற்காலியா? கலைன்னு நீங்கதானே சொன்னீங்க. யாருமே தொடக் கூடாதுன்னு கூடச் சொன்னீங்களே."

"நான் இதோட சொந்தக்காரன்."

"உங்க மேடமே கையுறை போட்டுக்கிட்டுத்தானே தொடுவாங்க?"

"சரி, நானும் கையுறை போட்டுக்கிட்டு உட்காருறேன்."

"உட்காருறது கையாலயா?" என்று கேட்டாள்.

காலை இறக்கினேன். கயிற்றையும் நானே பழையபடி கட்டினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், ஜன்னலோரத்தில் மேடையைக் காணோம். உள்நடை இருட்டில், மெஷின் இருந்த இடத்தில், விளக்கோடும் கயிற்றோடும் நாற்காலி நின்றது. ஜன்னலோரத்தில் மெஷின். அதன்முன் அவள்.

"வெயில் கலைக்கு விஷமாமே," என்றாள் தலையைத் தூக்காமல்.

இரண்டு வார்த்தை காட்டமாகச் சொல்லத்தான் போனேன். அப்போது அவள் ஊசியில் நூல் கோத்தாள். ஒரு கண்ணை மூடவில்லை, நாக்கைக் கடிக்கவில்லை. ஒரே தடவை, உள்ளே போய்விட்டது. வெளிச்சத்தில் அவள் முகம் சுருக்கமில்லாமல் இருந்தது. எத்தனை வருஷமாக இவளை இருட்டில் உட்கார வைத்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு டீ கேட்டேன். கலைப்பொருள் பக்கத்தில் குடிக்கக் கூடாது என்று சமையலறையில் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தேன்.

அதோடு போயிற்றா? துணி கொடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து அது என்னவென்று கேட்க ஆரம்பித்தார்கள். "அவரு கலைக்கூடத்துல இருக்காரு, அவரே விளக்கிச் சொல்வாரு," என்று என்னைக் கைகாட்டிவிடுவாள். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். ஜிப் மாற்ற வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அவருடைய அப்பா ஞாபகம் வந்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவருக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்ததாம். இரண்டு பேருமே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். அங்கேயும் தொடாதீங்க, இங்கேயும் தொடாதீங்க. முன்பெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வருவேன், இப்போது ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு வந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் முழங்கால் இரண்டும் சேர்ந்து என்னிடம் கெஞ்சின. அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சொந்த வீட்டில் திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக் கயிற்றைத் தாண்டினேன். இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். துணி உடம்பில் பட்டது. ஆஹா, சுகம் என்று நினைத்த அந்த நொடியில்,

கிர்ர்ரீச்.

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கண்டக்டர் மாமா, இந்த வயசில், படிகளை ஓட்டமாக இறங்கி வந்து வாசலில் மூச்சு வாங்கினார்.

"சத்தம் கேட்டுச்சே தம்பி," என்றார். "நல்லா இருக்கீங்கதானே?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மேடையிலிருந்தே சொன்னேன். எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இல்ல, தினம் சாயங்காலம் கீழ இது கத்தும். ஒரு வீட்டுல ஆள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தாச்சுன்னு ஒரு நிம்மதி. உடனே நானும் எழுந்து போய் டீ போடுவேன். இந்த வாரம் சத்தமே வரல. டீ போடுற நேரமே தெரியாம உட்கார்ந்திருந்தேன்." வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு, "சரி சரி, நீங்க உட்காருங்க. ரைட்," என்று போய்விட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் இறங்கிக் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இந்த விளையாட்டை இதோடு முடித்துவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன். பாவம், அந்த மனுஷனுக்கும் நான் உட்கார்ந்தால்தான் டீ. நான் உட்கார வேண்டியதற்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்? நியாயம் என் பக்கம் வருவதே அபூர்வம், வந்த சூட்டோடு பயன்படுத்திவிட வேண்டும்.

"காட்சி முடிஞ்சுபோச்சு," என்று அறிவித்தேன்.

"முடிஞ்சுதா? நிஜமாவா? நீங்களே சொல்றீங்களா?"

"நானே ஆரம்பிச்சேன், நானே முடிக்கிறேன். இனிமே அது கலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை. நிபந்தனை இல்லை. அவளையும் ஜெயிக்க முடியும் போலிருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். அடுத்த நாள் கூடத்தில் நின்றபோது கால் வலியே தெரியவில்லை. செருப்பைப் பார்த்து அழுகிறவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தேன். வீட்டில் போய் உட்காரப் போகிறவன் நான்.

வந்தேன். உள்நடை காலியாக இருந்தது.

செங்கல் இல்லை. பலகை அவள் துணிமேசைக்குப் போய்விட்டது. போர்வை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. முன்னறையில் நாற்காலி பழைய நாளில் நின்ற இடத்தில், மெஷினுக்கு அந்தப் பக்கம், தரையில் நாலு தடம் மட்டும் தெரிந்தது. மூன்று வட்டம், ஒரு சதுரம். சதுரம் என் மரக்கட்டை.

"எங்கே?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"காட்சி முடிஞ்சா யார்கிட்டப் போய்ச் சேரணுமோ அங்க அனுப்பிடுவோம்னு சொன்னீங்களே. அனுப்பிட்டேன்."

"பழைய சாமான்காரர்கிட்டயா?"

அவள் கத்தரிக்கோலால் மேலே காட்டினாள்.

அப்போதுதான் கேட்டது. கூரைக்கு மேலே, மெதுவாக, நீளமாக. கிர்ர்ரீச். யாரோ நாள் முழுக்கச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு உட்கார்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அமைதி. மாமா உட்கார்ந்துவிட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். மூன்று வட்டம், ஒரு சதுரம். மேலே பார்த்தேன். நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் மாறியது. தொண்டை அடைத்தது. கண் முன்னால் எல்லாம் கலங்கியது. இத்தனை வருஷம் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நின்றும் எனக்கு வராதது, என் வீட்டு முன்னறையில், வேர்த்துப்போன சட்டையோடு நிற்கும்போது வந்தது. அங்கே மேடம் சொன்ன கடைசி வாக்கியமும், நான் காதில் வாங்காமல் விட்டது, இப்போது தெளிவாக ஞாபகம் வந்து தொலைத்தது. "ஆனா ஒண்ணு, மேடையில வச்ச செருப்பை மறுபடி யாரும் காலில போட முடியாது."

"அழுவுறீங்களா?" என்றாள்.

"இல்ல. தூசி." மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு அவர் அழுவாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவரு சம்சாரத்தோட நாற்காலிக்குத் துணி மாத்திக் கொடுத்ததே நான்தான். தெரியாமலா அவரைக் கூப்பிட்டேன்?"

"அப்ப நான் ஜெயிச்சது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கேட்கக் கூடாத கேள்விதான்.

"அவருக்கு மனசு அசைஞ்சுது, அவருக்குக் கொடுத்தாச்சு. பாவம், கொண்டு போய்ப் போட்டதும் கையை எடுத்துக் கும்பிட்டாரு," என்றாள் கொஞ்சம் தணிந்து. "உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா?"

இருந்தது. ஆனால் திருப்பிக் கேட்கிற மாதிரியான கஷ்டம் இல்லை. மாமா டீ போட எழுந்து போகிற காலடி மேலே கேட்டது. எனக்கும் ஒரு நிம்மதி.

"அது சரி," என்றேன். "நான் எங்க உட்காருறது?"

அவள் குனிந்து மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்தாள். கயிறு கட்டி வைத்திருந்த அதே முக்காலிகளில் ஒன்று. அதன்மேல் புதுசாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். வெட்டி மிஞ்சிய துணிகளைச் சேர்த்துத் தைத்தது, பல நிறம். நடுவில் லேசாக ஒரு குழி.

"நாற்காலிக் குழியை அளந்துதான் தச்சேன்," என்றாள். கழுத்தில் நாடாவோடு மேடையைச் சுற்றி வந்தாளே, அது இதற்காகவும்தான்.

ஜன்னலோரம், அவள் பக்கத்தில், சாயங்கால வெளிச்சத்தில் அந்த ஸ்டூல் நின்றது. எனக்கு மறுபடியும் மனசு அசையப் பார்த்தது. சூடு கண்டவன், அதனால் முன்ஜாக்கிரதையாகக் கேட்டேன்.

"இது கலை கிலை ஒண்ணும் இல்லையே?"

"வெறும் ஸ்டூல்தாங்க. தைரியமா உட்காருங்க."

உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. அளவு கச்சிதம். கண்ணை மூடி, அப்பாடா என்று காலை நீட்டினேன். மடியில் ஏதோ கனமாக வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால், ஒரு மூட்டைச் சட்டை, ஒரு டப்பா பட்டன், நூல் கோத்த ஊசி.

நான் கையை மடக்கிக்கொண்டு அதைப் பார்த்தேன். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தபடியே சொன்னாள்.

"இதையெல்லாம் நீங்க தாராளமாத் தொடலாம்."